இரண்டு பேருக்கான இரும்பு

திருத்தணியில் மலையடிவாரத்தில் சொந்த வீடு இருப்பது பெரிய புண்ணியம் என்று சொல்கிறவர்கள் யாரும் அந்த வீட்டில் சமைத்ததில்லை. நிர்மலா சமைத்திருக்கிறாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மாதா மாதம் கிருத்திகைக்கு மலையேற வருகிற உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள்தான் இட்லி ஊற்றினாள், வெந்நீர் வைத்தாள், ஈரத்துணிக்குக் கொடி கட்டினாள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்களில் யார் மாமா, யார் மருமகன் என்று அவளுக்கு அடையாளம் தெரியாது. தட்டு நீண்டால் சாம்பார் ஊற்றுவாள். ஒருமுறை அப்படி மூன்று பேர் சாப்பிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போன பிறகுதான் அவர்கள் எதிர்வீட்டுக்கு வந்தவர்கள் என்று தெரிந்தது.

வெளியூர் போனாலும் விடிவில்லை. அவள் கணவர் முருகவேலின் சொந்தம் எங்கும் பரவியிருந்தது. நகரியில் சித்தப்பா, புத்தூரில் பெரியம்மா, திருப்பதியில் பெரியம்மா மகள், அரக்கோணத்தில் தம்பி. லாட்ஜில் அறை எடுப்பது அந்தக் குடும்பத்தில் சொந்தக்காரர் முகத்தில் துப்புவதற்குச் சமம். ஆகவே போகிற ஊரில் யார் வீடாவது இருக்கும், போய் இறங்கியதும் நிர்மலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்துவிடுவாள். திருப்பதி என்றால் ஊருக்கெல்லாம் பெருமாள் நினைவுக்கு வருவார். நிர்மலாவுக்குத் தண்ணீர் போகாமல் அடைத்துக்கொள்ளும் ஒரு பாத்திரத்தொட்டி நினைவுக்கு வரும்.

மின்வாரியத்தில் கணக்குப் பிரிவிலிருந்து முருகவேல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்களில் பாதிப்பேர் வீட்டுமனை விற்கப் போவார்கள், மீதிப்பேர் கையில் செல்போனோடு உட்கார்ந்து மனைவிக்குச் சமையல் சொல்லிக் கொடுப்பார்கள். முருகவேல் இரண்டிலும் சேராமல் வெள்ளைக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு நாள் நிர்மலாவைக் கூப்பிட்டுக் காட்டினார். யாரோ ஒருவன் தன் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு குட்டி வண்டி செய்திருந்தான். முன்பக்கம் உருண்டும் பின்பக்கம் சரிந்தும் பாதாம்பருப்பு மாதிரி இருந்தது. அதைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மலைக்கும் காட்டுக்கும் போய், அதற்குள்ளேயே படுத்துத் தூங்குகிறார்கள். பின்பக்க மூடியைத் தூக்கினால் சின்ன அடுப்பு. அவன் பெண்டாட்டி அந்த அடுப்பில் ஒரே ஒரு கோப்பை காபி போட்டு, அதைத் தானே குடித்தாள்.

“அந்த இடத்தை மறுபடி காட்டுங்க” என்றாள் நிர்மலா.

காட்டினார்.

“இதுல எத்தினி பேருங்க படுக்கலாம்?”

“ரெண்டே பேரு. எட்டடி நீளம், நாலடி அகலம்.”

“மூணாவது ஆளு வந்தா?”

“வெளியதான் நிக்கணும்.”

“செய்யுங்க” என்றாள். முருகவேலின் யோசனை ஒன்றுக்கு அந்த வீட்டில் சொன்ன அன்றைக்கே சம்மதம் கிடைத்தது அதுதான் முதல்முறை. ஆசை அவளுக்குள் அப்போதே வந்து உட்கார்ந்துவிட்டது. சொந்தக்காரர் யாருமில்லாத ஓர் ஊரில், அவர் ஒருவர் மட்டும் கூட இருக்க, யாருக்கும் எதுவும் ஊற்றாமல், விடிகிறவரை ஒரு தூக்கம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வண்டிக்கு உயிரே அடிச்சட்டம்தான், அந்தச் சட்டத்துக்கு எந்த பைப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று முருகவேல் கண்டுபிடித்தார். பைப் மெலிந்தால் மேட்டுப்பள்ளத்தில் முறியும். தடித்தால் அவர்களுடைய பழைய சின்னக் கார் இழுக்காது. கணக்குப் போட்டுப் பார்த்து, ஒன்றரை இஞ்ச் சதுர பைப், இரண்டு எம்.எம். கனம், இரண்டு பேருக்கு இது தாராளம் என்று முடிவு செய்தார். முடிவு சரியானதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. அவர் நாலைந்து வகைப் பைப்களில் முழ நீளத்துக்கு மாதிரி வாங்கிவந்து கூடத்து மூலையில் சாத்திவைத்தார். மறுநாள் கிருத்திகை.

அம்மையார்குப்பத்திலிருந்து முருகவேலின் அக்கா வள்ளியம்மாளும் அவள் கணவர் சுந்தரமூர்த்தியும் வந்தார்கள். பாவா சுந்தரமூர்த்தி சொந்தமாக விசைத்தறி வைத்திருப்பவர். ஆகவே இரும்பைப் பற்றி மட்டுமல்ல, எதைப் பற்றிக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஒவ்வொரு பைப்பாக எடுத்துக் கையில் எடைபார்த்து, தேங்காய் பொறுக்குவதுபோல விரலை மடக்கித் தட்டி, காதில் வைத்துக் கேட்டார்.

“இன்னா மச்சான் இது, அப்பளம் மாதிரி கீது. யாரு படுக்கறதுக்கு?”

“நானும் நிர்மலாவும்தான் பாவா. ஊர் சுத்தறதுக்கு.”

“நீங்க ரெண்டு பேருமா? அப்ப நாங்க?”

கேள்வியில் கோபம் இல்லை. சொல்லப்போனால் அது கேள்வியே இல்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, மருத்துவமனையோ, அந்தக் குடும்பத்தில் யாரும் தனியாக ஓரிடத்துக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. வள்ளியம்மாள் பாசத்தோடு தம்பியின் முதுகைத் தடவினாள்.

“அதுக்கின்னாடா நைனா, கொஞ்சம் பெரிசா செய்யி. எல்லாரையும் இட்டுகினு போவலாம். தனியா போனா உங்களுக்கும் போர் அடிக்கும்.”

“ஆங், செஞ்சிடலாம்க்கா” என்றார் முருகவேல்.

‘முடியாது’ என்ற சொல் அவருக்குத் தெரியாது என்று சொல்லக்கூடாது, நன்றாகத் தெரியும். நிர்மலாவிடம் சொல்வதற்கென்றே அதைப் பத்திரமாக வைத்திருந்தார். கூடப் பிறந்தவர்களிடம் எடுத்துச் செலவழிப்பதில்லை.

சட்டம் எட்டடியிலிருந்து பத்தடியானது. பைப் இரண்டு இஞ்ச் ஆனது. அரக்கோணத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் தம்பி அரசு காதில் செய்தி விழுந்து, அவன் மாமியாருக்கும் காற்று மாற்றம் வேண்டும் என்றான். பத்தடி பதினான்கானது. கனம் மூன்று எம்.எம்.முக்குப் போனது. வேலையை ஒப்புக்கொண்டிருந்த இலியாஸ் இதற்கெல்லாம் தடை சொல்லவில்லை. அரக்கோணம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவன் வாழ்நாளெல்லாம் செய்தது வீட்டு கேட். அலமாரி கேட்டாலும் அவன் கையில் கேட்டாகத்தான் வரும், திறக்கும்போது அதே சத்தம். கனமான பைப் என்றால் அவனுக்குத் தனிப் பிரியம். பட்டறைத் தரையில் சாக்பீஸால் படம் போடுவான், முருகவேல் போன் செய்ததும் அழித்துவிட்டு இன்னும் பெரிதாகப் போடுவான்.

“சார், இந்த சைஸுக்குக் கார் இழுக்காது. டிராக்டர் இருந்தா நல்லது” என்றான் கடைசியில்.

“டிராக்டர் எங்க ஊர்ல கீது, டிரைவரோட” என்று பாவா போனில் சொன்னார். டிரைவருக்கும் ஒரு படுக்கை சேர்ந்தது.

அன்றைக்கு நிர்மலா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். “ரெண்டு பேருன்னுதானே சொன்னீங்க?”

“அக்கா கேக்கறா. எப்பிடி முடியாதுன்னு சொல்றது?”

“அவங்கல்லாம் வந்தா சமைக்கறது யாருங்க?”

“அதான் பின்னாடி அடுப்பு வெக்கறோமே” என்றார் முருகவேல், ஒரு பெரிய வசதியைச் சொல்லிக் காட்டுகிற முகத்தோடு.

நிர்மலாவுக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. ஊருக்கு ஓர் அடுப்படி போதாதென்று இப்போது சக்கரம் வைத்த அடுப்படி ஒன்று அவள் பின்னாலேயே வரப்போகிறது. இவர் அதற்குக் காசு கொடுத்து பைப் வேறு வாங்கப் போகிறார். அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் இவர் அக்காவுக்குப் போன் போட்டு என்ன செய்வதென்று கேட்பார்.

பைப் எடுக்க முருகவேலும் இலியாஸும் அரக்கோணம் போனார்கள். இலியாஸின் தாய்மாமா பாஷா அங்கே ரயில்பாதையை ஒட்டிப் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். நிர்மலாவும் காரில் ஏறிக்கொண்டாள். வீட்டில் இருந்தால் யாராவது வருவார்கள். பாஷா நல்ல வியாபாரி. முருகவேலைப் பார்த்த உடனே ஆளை எடைபோட்டு, கிடங்கிலேயே தடித்த பைப்பின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இது மேல ஆனை ஏறி நிக்கலாம் சார். ஒண்ணும் ஆவாது.”

ஆனையைத் தவிர மற்ற எல்லாரும்தான் ஏறப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நிர்மலா கிடங்கின் பின்பக்கம் நடந்தாள். உடைந்த சைக்கிள்கள், மின்விசிறிகள், யார் வீட்டு ஊஞ்சலோ. அவற்றைத் தாண்டி, தார்ப்பாய் மூடி ஒரு சட்டம் இருந்தது. தார்ப்பாயை விலக்கினாள். ஒன்றரை இஞ்ச் சதுர பைப். எட்டடி நீளம் இருக்கும், அகலம் நாலடி. வெள்ளிப் பெயிண்ட், ஒழுங்கான வெல்டிங், இரண்டு சக்கரம், காரோடு மாட்டுகிற கொக்கி முதற்கொண்டு எல்லாம் இருந்தது. ஓரங்களில் எதையோ மாட்டுவதற்கு வளையம் வளையமாகக் கம்பி.

“பாய், இது இன்னாங்க?”

பாஷா ஓடிவந்து தார்ப்பாயை இழுத்து மூடினார். “அது வேணாம்மா. அது சொர்க்க ரதம்.”

சொர்க்க ரதம் என்றால் பிணவண்டி. அந்தப் பக்கத்தில் இதைத் தெரியாதவர் இல்லை. செத்தவரைக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தி, மாலை சார்த்தி, சுடுகாட்டுக்கு இழுத்துப்போவது. பாஷா ஒளிக்காமல் சொன்னார். “ஒரு டிரஸ்ட்காரங்க ஓட்டிகினு இருந்தாங்க. இப்ப வேன் வாங்கிட்டாங்க. பைப்பு தங்கமான பைப்பும்மா, துரு கிடையாது. ஆனா வாங்கிப் போட்டதிலேர்ந்து ஒருத்தனும் கிட்ட வரமாட்டேன்றான்.”

“கிட்டன்னா?”

“கையே வெக்க மாட்டேன்றாங்க. பட்டா குளிக்கணும்னு ஓடறாங்க.”

இதைக் கேட்டதும் நிர்மலாவின் காதில் தேன் பாய்ந்தது. தார்ப்பாயை மறுபடி விலக்கி, வளையம் வைத்த அந்தப் பைப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“ஏங்க, இங்க வாங்க. இதை எடுத்துக்கலாம்.”

முருகவேல் வந்து பார்த்தார், விவரம் கேட்டார், ஓரடி பின்னால் நகர்ந்தார். இலியாஸ் குனிந்து பைப்பைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, “மொதல்ல நீங்க சொன்ன அதே சைஸ் சார். ரெண்டு எம்.எம்.மு. மேல கட்டறது மட்டும்தான் பாக்கி” என்றான். அவன் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

“இல்ல நிர்மலா, அக்கா, பாவா எல்லாம் வராங்களே, எடம்...” என்று முருகவேல் இழுத்தார்.

“சாருக்கு ஒரு மாதிரியா கீது போல” என்றார் பாஷா அனுதாபத்தோடு. “பரவால்ல சார், நெறைய பேரு இதுல பயப்படுவாங்க.”

“இவரா பயப்படறது?” என்றாள் நிர்மலா. “ஆபீஸ் சங்கத்துல மேடை போட்டு மூடநம்பிக்கை பத்திப் பேசனவருங்க இவரு. அதுக்கு சால்வை எல்லாம் போட்டாங்க.”

அது உண்மைதான். முருகவேல் வருஷா வருஷம் அந்தப் பேச்சைப் பேசினார், பேசிவிட்டு வந்து கிருத்திகைக்கு மலையும் ஏறினார். இரண்டுக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை. இப்போது பாஷாவும் இலியாஸும் சால்வை போட்ட மனிதரை மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். முருகவேல் தொண்டையைச் செருமினார்.

“இரும்புல இன்னாய்யா கீது, செத்தவன் இரும்பு, பொழைச்சவன் இரும்புன்னு. எடுத்துப் போடு” என்றார். சொல்லிவிட்டுச் சட்டத்தை ஒரு விரலால் தொட்டும் காட்டினார். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஒரு விரலை ஸ்டீயரிங்கில் படாமல் நீட்டிக்கொண்டே ஓட்டினார்.

பாதி வழி தாண்டியபோது மெல்லக் கேட்டார். “உனக்குப் பயமா இல்லியா?”

“எதுக்குங்க பயம்? அதுல படுத்துப் போனவங்க ஒருத்தர்கூட எழுந்து காபி கேட்டிருக்க மாட்டாங்க. எனக்கு அவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல.”

வீட்டுக்கு வந்ததும் அவர் தலைக்குக் குளித்தார். வெயில் ஜாஸ்தி என்று காரணம் சொன்னார்.

அடுத்த கிருத்திகைக்கு அக்காவும் பாவாவும் வந்தபோது வண்டி பாதி முடிந்து வாசல் கொட்டகையில் நின்றது. நிர்மலா எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டியும் சொல்லவில்லை. வள்ளியம்மாளின் தட்டில் இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணி, பைப்பு நல்லதா கிடைச்சிச்சு. அரக்கோணத்துல ஒரு சொர்க்க ரதத்தைப் பிரிச்சாங்க, அந்தச் சட்டத்தை அப்பிடியே எடுத்துக்கினோம். நீங்க வந்தா தலைமாட்டுப் பக்கம் படுத்துக்கலாம். அந்தப் பக்கம்தான் உறுதியா கீது.”

வள்ளியம்மாளின் கையில் இட்லி பாதி வழியில் நின்றுவிட்டது. பாவா சாம்பாரை விழுங்கிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார், பிறகு தனக்கு இடுப்பு வலி இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டார்.

“டாக்டர் தரையிலதான் படுக்கச் சொல்லிக்கீறாரு மச்சான். வண்டியெல்லாம் எனக்கு ஆவாது.”

“எனக்கும் முட்டி நைனா” என்றாள் வள்ளியம்மாள். கிளம்பும்போது வண்டியிருந்த வாசல் வழியாகப் போகாமல் கொல்லைப்பக்கம் போய், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு வழியாகத் தெருவுக்கு இறங்கினார்கள். அரசு தன் மாமியாருக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது என்று போனில் சொன்னான். தனக்கு லீவும் கிடைக்காது என்றான். கடை அவனுடைய சொந்தக் கடை.

அதோடு நிற்கவில்லை. பிணவண்டிச் சட்டம் நிற்கிற வீட்டில் சாப்பிட்டுவிட்டு மலையேறினால் முருகன் ஏற்பானா என்று சொந்தத்துக்குள் ஒரு சந்தேகம் கிளம்பி, நகரி வரைக்கும் போய்ப் புத்தூரைத் தாண்டியது. அதற்கடுத்த கிருத்திகைக்கு எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மலைக்குப் போனார்கள். நிர்மலா இரண்டு பேருக்கு மட்டும் இட்லி ஊற்றிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற மொட்டைத் தலைகளைப் பார்த்தாள். அதில் ஒரு தலைக்கும் அவள் சாம்பார் ஊற்ற வேண்டியதில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு கிருத்திகையைக் கழித்ததில்லை.

வண்டி முடிந்தது. இலியாஸ் கடைசிவரை அடங்காமல், கதவுக்கு மட்டும் வீட்டு கேட் தாழ்ப்பாள் வைத்திருந்தான். ஜவ்வாது மலையில் ஒரு தோட்டக்காரரிடம் இடம் கேட்டு வைத்தார் முருகவேல். அங்கே யாருமே சொந்தமில்லையா என்று நிர்மலா இரண்டு தடவை விசாரித்தாள். இல்லை என்று உறுதியான பிறகே புடவையை மடித்துவைத்தாள். சின்னக் கார் முனகாமல் வண்டியை இழுத்துக்கொண்டு மலையேறியது. பைப் விஷயத்தில் முருகவேல் போட்ட முதல் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். குளிர் காற்று. அவளைக் கூப்பிட ஒரு ஆள் இல்லை. நிர்மலா புது மெத்தையை விரித்து, இரண்டு தலையணையும் போட்டு, இரண்டு போர்வையையும் பிரித்துவைத்தாள். வீடியோவில் பார்த்த அந்தப் பெண் மாதிரியே ஒரு கோப்பை காபி போட்டாள். பிறகு பாவமாக இருந்ததால் அவருக்கும் ஒன்று போட்டாள். குடித்துவிட்டு உள்ளே ஏறி, சுவரை ஒட்டிப் படுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்தக் கட்டிலிலும் அவள் படுப்பது ஓரத்தில்தான்.

“வாங்க” என்றாள்.

முருகவேல் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மெத்தைக்குக் கீழே எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சால்வை போட்ட யாரும் இங்கே பார்க்கவில்லை.

“இல்ல நிர்மலா, எனக்கு இடுப்பு ஒரு மாதிரி கீது. கார்ல சீட்டை சாய்ச்சிக்கறேன். உனக்கும் தாராளமா இருக்குமில்ல?”

அந்த இடுப்பு வலி எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாதா? இவருக்காகத்தான், இவரோடு ஒருநாள் தனியாக இருக்கத்தான் இவ்வளவும் செய்தாள். பைப் தேர்ந்தெடுத்தபோது இவரையும் சொந்தக்காரர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இன்னொரு முறை கூப்பிடலாமா என்று யோசித்தாள். கூப்பிட்டால் ஒருவேளை வருவார், வந்து விடியவிடியப் புரண்டு, தண்ணீர் கேட்பார், விளக்கைப் போடச் சொல்வார்.

“சரிங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க” என்றாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. கார்க் கதவு திறந்து மூடியது. நிர்மலா கொஞ்ச நேரம் ஓரத்திலேயே படுத்திருந்தாள். பிறகு இரண்டாவது தலையணையை எடுத்துக் காலுக்கு அடியில் கொடுத்துக்கொண்டு நடுவில் நகர்ந்து படுத்தாள். கைகளை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள், யார் மேலும் படவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தத்தோடு விடிகிறவரை நன்றாகத் தூங்கினாள்.